சோளிங்கர் படியா, கோட்டை வாக்கிங்கா, வீட்டுச் சுவரா? பிபிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

வயது ஐம்பது. பிபி 148/92. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. “தினம் கொஞ்சம் நடங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எங்கே, எவ்வளவு வேகம், எத்தனை நாள் என்று கேட்க நேரமில்லை. வெளியே வந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் வேலூர் கோட்டைக்குள் வாக்கிங் வரச் சொல்கிறார். இன்னொருவர், “ஞாயித்துக்கிழமை சோளிங்கர் மலை ஏறுங்க, வாரத்துக்கே போதும்” என்கிறார். சைக்கிள், ஜிம், யோகா என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ரத்தக் குழாய்க்கு ஒவ்வொன்றும் செய்வது ஒன்றல்ல, ஒன்றின் வேலையை இன்னொன்று அப்படியே செய்துவிடவும் செய்யாது.

தேர்வு செய்யும் முன் குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தக் குழாயின் உட்புறம் முழுக்க, ஒரே ஒரு செல் கனத்தில் எண்டோதீலியம் என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது. ரத்தம் வேகமாக ஓடும்போது இதை உரசிக்கொண்டு போகும். அந்த உரசலை உணர்ந்து விரிப்பு நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இப்படி ஒரு வாயு உடம்புக்குள் தூதுவனாக வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும், குழாய்ச் சுவர் விறைத்துப்போவதைத் தாமதப்படுத்துவதும் இதே நைட்ரிக் ஆக்சைடுதான். ஏற்கெனவே படிந்துவிட்ட அடைப்பு நடந்தால் கரைந்து போய்விடாது. அப்படிச் சொல்லி எதை விற்க வந்தாலும் நம்ப வேண்டாம். இருக்கும் படிவு வெடிக்காமல் கெட்டிப்படுவதும், புதிதாகப் படிவது குறைவதும்தான் உண்மையில் கிடைக்கும் லாபம்.

இந்த லாபத்துக்குக் கெடு உண்டு. ஒருமுறை வேகமாக நடந்து முடித்தபின் இறங்கும் பிபி பல மணி நேரம் தாழ்ந்திருக்கும், சிலருக்கு ஒரு நாள் வரைகூட. தசை சர்க்கரையை எளிதாக உறிஞ்சும் நிலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதற்குப் பிறகு பழையபடிதான். ஆகவே எது கடினமானது என்று பார்ப்பதைவிட, எதை வாரத்தில் ஐந்து நாள் செய்ய முடியும் என்று பார்ப்பதே முக்கியம். சும்மா கிடந்தால் எவ்வளவு சீக்கிரம் சரியும் என்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஒரு சோதனை போதும். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, உடல்திறன் எவ்வளவு குறைந்தது என்று அளந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தபோது, முப்பது வருஷ மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறும் யோசனை இங்கேயே பாதி அடிபட்டுவிடுகிறது. மலைக்குப் பிறகு வருகிறோம்.

கோட்டை வாக்கிங்

சமதளத்தில் வேகமாக நடப்பதுதான் அடித்தளம். விலை மலிவு என்பதால் இதைப் பலரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். தொடையும் கெண்டைக்காலும் மாறி மாறி இறுகித் தளரும்போது ரத்தம் சீராக, ஒரே திசையில் ஓடுகிறது. எண்டோதீலியம் விரும்புவது இந்தச் சீரான ஓட்டத்தைத்தான். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடைக்காரர்களுக்கும் தோல் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் மாலையில் கணுக்கால் வீங்குவது இந்தப் பம்பு வேலை செய்யாமல் நிற்பதால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. மிதம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி. பேச முடியும், பாட முடியாது, அதுதான் அளவு. கோட்டைக்குள் காலையில் பாருங்கள், நாலு பேர் சேர்ந்து கட்சி அரசியல் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் உலாத்துவார்கள். நிமிடத்துக்கு எழுபது அடிகூட இருக்காது. மனசுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் குழாய்க்குள் உரசல் கூடுவது குறைவு.

புதிதாக ஆரம்பிப்பவர் முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஆறாவது வாரத்தில் 35 நிமிடம் வந்துவிடும். முதல் 5 நிமிடம் மெதுவாக, கடைசி 5 நிமிடமும் மெதுவாக. கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் வெட்டிவிடுகிறார்கள். வேகமாக வந்து சட்டென நின்றால், விரிந்திருக்கும் கால் குழாய்களில் ரத்தம் தேங்கி மூளைக்குப் போவது குறையும். தலை சுற்றும், சிலர் விழுந்தும்விடுவார்கள்.

“பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?” அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடியிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை குறித்தது. அதைப் பார்த்து முதல் நாளே எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்துவிட வேண்டாம். பாதியில் திரும்பலாம்.

இன்னொன்று, முப்பத்தைந்து நிமிட நடைக்கு உடம்பு செலவழிப்பது தோராயமாக 150 கலோரி. கோட்டை எதிரே டீயோடு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். பிபி இறங்கும், தொப்பை இறங்காது.

கால் வலிப்பவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவர்களும் உண்டு, பீடி குடிப்பவர்களும் உண்டு. வருஷக் கணக்கில் புகைத்தவர், சுகர் இருப்பவர், இருநூறு மீட்டர் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்று சொன்னால், அது வாய்வு அல்ல. காலுக்குப் போகும் தமனி குறுகியிருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் பிபி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வருவது 0.9 அல்லது அதற்கும் கீழ் என்றால் குறுக்கம் இருக்கிறது என்று பொருள்.

இவர்களுக்கு நடைதான் மருந்து, ஆனால் முறை வேறு. மிதமான வலி வரும்வரை நடக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் போகக் கூடாது, லேசாக வலித்ததுமே நின்றுவிடவும் கூடாது. வலி முழுக்க விடும்வரை உட்கார்ந்திருந்து, எழுந்து மறுபடி நடக்க வேண்டும். உட்காரும் நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். இருநூறு மீட்டரில் நின்றவர் நானூறு, ஐநூறு என்று போவது சாதாரணமாக நடக்கிறது. மலைப்படி, ஜிம் எதுவும் இவர்களுக்கு இந்தப் பலனைத் தராது. உட்கார இடம் இருக்கும் பூங்காவைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். பீடியை விடாமல் இதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதே கால் வலித்தால், விரல் கறுத்தால், ஆறாத புண் இருந்தால் நடை வேண்டாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

மலைப்படி

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. ஒரு படி பதினேழு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் இருநூறு மீட்டருக்கு மேல் உடம்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம். சமதள நடையோடு ஒப்பிட்டால் நேரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு. இதயத் துடிப்பு உச்சத்தின் 85 சதவீதத்தை எளிதில் தொடும். படியின் மகிமை பழைய சங்கதிதான். 1953இல் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தபோது, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் தினம் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது ‘தினம்’ என்ற சொல்லை.

ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் 1305 படியை ஒரே மூச்சில் ஏறுவது, பழக்கமில்லாத இதயத்துக்கு ஆபத்தான நேரம். அதுவும் விரதம் என்று வெறும் வயிறு, காலை மாத்திரை போடவில்லை, பஸ் பிடித்து வந்து ஏற ஆரம்பிக்கும்போது மணி ஒன்பதரை. இந்த மூன்றும் சேர்ந்தால் பாதி வழியில் மயக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. சட்டைப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் அதைச் சாப்பிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, சரியான பிறகு இறங்கிவிட வேண்டும்.

செருப்பில்லாமல் ஏறுவதில் இன்னொரு சிக்கல். சுகரால் பாதம் மரத்துப்போனவருக்குக் கல் சுடுவது தெரியாது. கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும்.

2024இல் ரோப் கார் வந்த பிறகு பலர் காரில் ஏறி, படியில் இறங்கி வருகிறார்கள். இதயத்துக்குத் தலைகீழாகச் செய்தால்தான் பலன்: படியில் ஏறி, காரில் இறங்குவது. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் இதையே சோதித்தார்கள். ஒரு திசை நடை, மறு திசை கேபிள் கார். ஏறியவர்களுக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைந்தது, இறங்கியவர்களுக்கு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. ஆக இறங்குவதும் வீண் இல்லை. ஆனால் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, முட்டி தேய்ந்தவருக்கு அது வேதனை. அன்று இல்லாத தொடை வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும்.

மலை வேண்டும் என்பவர் முதலில் பன்னிரண்டு வாரம் சமதளத்தில் நடந்து 35 நிமிடம் தாக்குப் பிடிக்கட்டும். பிறகு வீட்டு மாடிப்படியில் பத்து நிமிடம் பழகட்டும். மலையில் நூறு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கட்டும். நின்று ஒரு நிமிடத்தில் துடிப்பு 12க்கும் குறைவாகத்தான் இறங்குகிறது என்றால் இதயம் இன்னும் பழகவில்லை. மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும், கைக்கடிகாரம் வாங்கத் தேவையில்லை.

வீட்டுச் சுவர்

பலருக்கும் இது புதிதாக இருக்கும். 2023இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மேல் அளவு பிபியை அதிகம் குறைத்தது நடையோ ஜிம்மோ அல்ல, அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. அதில் சராசரி இறக்கம் 8 புள்ளி. நடை, ஓட்டம் வகைக்கு ஏறக்குறைய நாலரை, எடைப் பயிற்சிக்கும் அதே அளவு, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6.

செய்முறை எளிது. வழவழப்பான சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, நாற்காலியில் உட்காருவதுபோல் சரிய வேண்டும். முதல் வாரம் கால்வாசி தூரம் சரிந்தால் போதும். முட்டி கால் விரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. போனால் பாதத்தை இன்னும் தள்ளி வைக்கவும். இரண்டு நிமிடம் அப்படியே, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நாலு முறை. மொத்தம் 14 நிமிடம், வாரம் மூன்று நாள். இரண்டு நிமிடம் தாங்கவில்லை என்றால் சற்று உயரமாக உட்காருங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டாம், வழுக்கும்.

தப்பு நடப்பது மூச்சில். வலி ஏறும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி பிபி அந்த நேரத்தில் எகிறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது. தசை இறுகி ரத்தம் தற்காலிகமாகத் தடைபட்டு, விட்டதும் பாய்ந்து வரும்போது குழாய் விரிவதுதான் பலனுக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஓய்வில் பிபி 180/110க்கு மேல் இருப்பவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மகாதமனி வீங்கியிருப்பவர்கள், சுகரால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

அப்படியானால் சுவரே போதுமே, நடை எதற்கு? பிபி எண் மட்டுமே ரத்தக் குழாய் ஆரோக்கியம் ஆகிவிடாது. மூச்சுத் திறன், டிரைகிளிசரைடு, சர்க்கரை, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு, இவையெல்லாம் நடையில்தான் மாறுகின்றன. நடந்து பழகியவரின் ஓய்வுத் துடிப்பு 82லிருந்து 74க்கு இறங்கினால், இதயத்துக்கு ஒரு நாளைக்கு 11,520 துடிப்பு மிச்சம். சுவரில் சாய்ந்து இது கிடைக்காது.

மற்றவை, சுருக்கமாக

சைக்கிள் முட்டிக்கு இதமானது, பருமனானவர்களுக்கு நடையைவிட நல்ல தேர்வு. சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுவதால்தான் முட்டி வலிக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் ஓட்டாதீர்கள். எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள் ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் தேவை. ஜிம் கட்டணம் தேவையில்லை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதே ஆரம்பம். யோகாவும் நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடும் பிராணாயாமமும் படபடப்பைக் குறைக்கும், பிபியும் கொஞ்சம் இறங்கும். ஆனால் நடைக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. கட்டுப்படாத பிபி இருக்கும்போது சிரசாசனம் ஆகாது. ஷட்டில் விளையாடுபவர்கள் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் இறங்கக் கூடாது.

“வயலில் குனிஞ்சு நிமிர்றேன், எனக்கு எதுக்கு வாக்கிங்?” நியாயமான கேள்வி. நாள் முழுக்கப் பாரம் தூக்குவதும் குனிந்தே நிற்பதும் உடம்பைக் களைப்பாக்கும், ஆனால் இதயத்துக்கு நடை தரும் பழக்கத்தை அப்படியே தராது. வேலை முடிந்த களைப்பில் அரை மணி நடை கடினம். பத்து பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல நடக்கும் பத்து நிமிடம், சர்க்கரைக்கு ரொம்பவே உதவும். நெஞ்சு வலி உள்ளவர் மட்டும், ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்த கையோடு வேகமாக நடக்க வேண்டாம்.

வேலூர் வெயில்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். மரம் இல்லாத மலை என்பதும் அதில் சேர்த்தி. பகலெல்லாம் காய்ந்த பாறை மாலையிலும் அனல் வீசும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மாலை ஆறு மணியைவிடக் காலை ஐந்தரை நல்லது. வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்குத் தலைசுற்றல் சீக்கிரம் வரும். ஒரு மணிக்குக் குறைந்த நடைக்கு வெறும் தண்ணீர் போதும், பிபிக்காரர் உப்பு போட்ட மோரைத் தேடிப் போக வேண்டாம். கத்திரி முடியும்வரை நடையை 20 நிமிடமாக்கி, சுவர்ப் பயிற்சியை வாரம் மூன்று நாள் விடாமல் வைத்துக்கொள்ளலாம்.

அட்டெனலால், மெட்டோபிரோலால் போன்ற பிபி மாத்திரை எடுப்பவர்கள் 220லிருந்து வயதைக் கழித்துத் துடிப்பு இலக்கு போட வேண்டாம். மாத்திரை துடிப்பை ஏறவிடாது. ‘பேச முடியும், பாட முடியாது’ என்ற பேச்சுச் சோதனையை மட்டும் நம்புங்கள். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்பவர் டிரெட்மில் பரிசோதனையோ டாக்டரின் ஒப்புதலோ இல்லாமல் மலைப் பக்கம் போக வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு நடுவில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108ஐக் கூப்பிட வேண்டும். சோடா குடித்துப் பார்க்கும் நேரமல்ல அது.

எங்கள் பரிந்துரை ஐந்து நாள் வேக நடை, அதில் மூன்று நாள் சுவர். மூன்று மாதம் தாண்டியபின் விருப்பமிருந்தால் மாதத்தில் ஒரு நாள் மலை. இது உங்களுக்கு வேலை செய்கிறதா என்று தெரிய, தொடங்கும் முன் ஏழு நாளும், பன்னிரண்டாம் வாரம் ஏழு நாளும் வீட்டிலேயே பிபி பாருங்கள். காபி குடித்தும் நடந்தும் அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். சராசரி ஐந்து புள்ளி இறங்கியிருந்தாலே நல்ல பலன். இறங்கியதைப் பார்த்து மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். நோட்டை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்ய, டோக்கன் கூப்பிடும் அவசரத்தில் எடுக்கும் ஒரு அளவைவிட இந்த நோட்டு உதவும்.